வெற்றிடக் கான்கிரீட்: அகளி மலைச்சாலைகளுக்கு ஏற்றதா?

பாலக்காடு மாவட்டத்திலுள்ள மன்னார்க்காட்டிலிருந்து கொண்டை ஊசி வளைவுகள் பலவற்றைக் கடந்து மலையேறினால் முக்காலி வரும். அங்கிருந்து தாவளம் வழியாகச் சென்றால் அகளி. அதே சாலை மேலும் கிழக்கே ஓடி, ஆனைகட்டியில் தமிழ்நாட்டு எல்லையைத் தொட்டுக் கோயம்புத்தூரை அடைகிறது. இச்சாலையில் ஒரே நாளில் பயணம் செய்பவர் இருவேறு தட்பவெப்பங்களைக் காணலாம். மேற்கே முக்காலிப் பக்கம் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. கிழக்கே ஆனைகட்டிப் பக்கம் அது 1,000 மில்லிமீட்டரையும் எட்டுவதில்லை. மேற்கே ஈரம் கான்கிரீட்டைச் சோதிக்கிறது. கிழக்கே வெயிலும் காற்றும் சோதிக்கின்றன.

அகளி, புதூர், சோலையூர் ஆகிய மூன்று ஊராட்சிகளைக் கொண்ட அட்டப்பாடி, 1970-இல் கேரளத்தின் முதலாவது ஒருங்கிணைந்த பழங்குடி வளர்ச்சி வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடி மக்கள் சுமார் 190 ஊர்களில் சிதறி வாழ்கின்றனர். இங்கே ஊர் என்பது ஒரு குடியிருப்பைக் குறிக்கும். சில ஊர்களில் முப்பது வீடுகள்கூட இருப்பதில்லை. அத்தகைய ஊர்களுக்குச் சாலை அமைப்பதும், அங்கன்வாடிக்கும் சமுதாயக் கூடத்திற்கும் தளம் போடுவதும் பெரிய அணைக்கட்டுப் பணிகளைப்போல் எவர் கவனத்தையும் ஈர்ப்பதில்லை. ஆயினும், பொதுப்பணம் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துபோவது பெரும்பாலும் இத்தகைய சிறு பணிகளில்தான் என்பது என் கருத்து.

பல ஆண்டுகளுக்கு முன்னர், அலுவல் நிமித்தம் இப்பகுதியில் ஓர் ஊரின் சமுதாயக் கூடத்தைப் பார்வையிட நேர்ந்தது. கட்டி இரண்டாண்டுகளே ஆகியிருந்தன. சுவர்கள் நன்றாகவே இருந்தன. தளத்தில் கைவிரலால் தேய்த்தால் வெண்ணிறத் தூள் ஒட்டிக்கொண்டது. அங்கே துடைப்பத்துடன் நின்றிருந்த முதிய பெண்மணி, "நான் கூட்டுறது மண்ணில்லீங்க சார், தரையைத்தான் கூட்டுறேன்" என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. நாள்தோறும் சிறிது சிறிதாக அந்தத் தளத்தையே அவர் பெருக்கி வெளியே தள்ளிக்கொண்டிருந்தார். சிமெண்டு குறைவாகப் போடப்பட்டிருக்கும் என்று முதலில் ஐயுற்றேன். ஏடுகளைப் பார்த்தபோது சிமெண்டின் அளவு சரியாகவே இருந்தது. மிகுந்திருந்தது தண்ணீர்.

தண்ணீர் செய்யும் கேடு

கான்கிரீட்டின் வலிமையை முதன்மையாகத் தீர்மானிப்பது அதில் சேரும் நீருக்கும் சிமெண்டுக்கும் உள்ள விகிதம். அமெரிக்கப் பொறியியலாளர் டஃப் ஏப்ரம்ஸ் 1918-இல் இதனை விதியாக வகுத்துக் கூறினார். சிமெண்டு நீருடன் வேதிவினை புரிந்து இறுகுவதற்கு அதன் எடையில் கால் பங்கு நீரே போதும். வினையின்போது உண்டாகும் நுண்கூழ் பிடித்து வைத்துக்கொள்ளும் நீரையும் கணக்கிட்டால் 0.4 அளவுக்கு வரும். அதாவது, 50 கிலோகிராம் மூட்டை ஒன்றுக்கு ஏறத்தாழ 20 லிட்டர். ஆனால் அவ்வளவே ஊற்றினால் கலவை விறைப்பாக நிற்கும், மண்வெட்டிக்கு இழுபடாது, பலகையால் சமன் செய்யக் கைவலிக்கும். ஆகவே, "இன்னும் ரெண்டு குடம் ஊத்து" என்று மேஸ்திரி குரல் கொடுக்கிறார். மூட்டைக்கு 30 லிட்டரும் அதற்கு மேலும் சேர்ந்துவிடுகிறது. மேஸ்திரியைக் குறைகூறிப் பயனில்லை. அவருக்குக் கூலி பரப்பளவுக்குத்தான் கிடைக்கிறது, வலிமைக்கு அல்ல.

மிகுதியான நீர் கலவையில் தங்குவதில்லை. ஒரு பகுதி மேலே கசிந்து, நுண்மணலையும் சிமெண்டுப் பாலையும் உடன் கொண்டுவந்து மேற்பரப்பில் நலிந்த ஏடாகப் படிகிறது. அந்தப் பெண்மணி பெருக்கியது இந்த ஏட்டைத்தான். எஞ்சிய நீர் பின்னர் ஆவியாகி, தான் இருந்த இடத்தை நுண்துளைகளாக விட்டுச் செல்கிறது. அத்துளைகளின் வழியே மழைநீர் இறங்குகிறது; கம்பி இருந்தால் அது துருப்பிடிக்கிறது. உலரும்போது ஏற்படும் சுருக்கமும் கூடுதலாகிறது. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456 (2000), கம்பியிட்ட கான்கிரீட்டுக்கு மிதமான சூழலில் நீர்-சிமெண்டு விகிதம் 0.50-ஐயும், கடுமையான சூழலில் 0.45-ஐயும் மிகக்கூடாது என்று வரையறுத்திருப்பது இக்காரணங்களால்தான்.

ஆக, வேலை நடக்கும்போது நீர் வேண்டும். வேலை முடிந்ததும் அது வேண்டாம். இந்த முரண்பாட்டை நேரடியாகத் தீர்க்க முற்பட்ட முறையே வெற்றிடக் கான்கிரீட். கலவையை இளக்கமாகவே பரப்பிவிட்டு, அது இறுகுமுன் மிகுதியான நீரை உறிஞ்சி வெளியேற்றுவது என்பதே இதன் அடிப்படை.

முறையின் வரலாறும் செயல்பாடும்

இம்முறையை உருவாக்கியவர் கார்ல் பில்னர். சுவீடனில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். 1914-இல் ஓரிகன் மாநிலத்தின் கொலம்பியா ஆற்று நெடுஞ்சாலைக்குக் கான்கிரீட் பாலங்களை வடிவமைத்தவர். 1930-களில் அவர் வெற்றிட முறைக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் சுவீடன் நாட்டு நிறுவனமொன்று தளங்களுக்கு ஏற்ற இலகுவான பாய்களையும் பம்புகளையும் செய்து உலகெங்கும் விற்றது. அதன் வணிகப் பெயரான 'டிரிமிக்ஸ்' என்பதே நம் நாட்டில் முறையின் பெயராகிவிட்டது. கிடங்கோ பட்டறையோ கட்டுபவர் இன்று 'டிரிமிக்ஸ் தளம்' என்றே கேட்கிறார். இயந்திரம் எந்த ஊரில் செய்யப்பட்டது என்று எவரும் பார்ப்பதில்லை.

வேலை நடக்கும் விதம் எளிமையானது. இருபுறமும் இரும்புச் சட்டங்களை மட்டம் பார்த்துப் பொருத்தி, இடையில் கலவையைக் கொட்டுகின்றனர். ஓரங்களில் ஊசி அதிர்வியும், அதன்பின் முழு அகலத்துக்கும் இரட்டைச் சட்ட அதிர்வியும் ஓட்டிக் கலவையைக் கெட்டிப்படுத்துகின்றனர். அதன்மீது நுண்வலையாலான வடிகட்டித் துணி விரிக்கப்படுகிறது. நீர் மட்டும் இதன்வழி செல்லும், சிமெண்டு தங்கிவிடும். அதற்கு மேல் காற்றுப் புகாத பாய். பாயின் விளிம்பு வடிகட்டித் துணியைத் தாண்டி ஈரக் கான்கிரீட்டிலேயே படிய வேண்டும். அந்த ஈரமே காற்றை அடைக்கும் முத்திரையாக அமைகிறது. பாயின் நடுவிலுள்ள குழாயைப் பம்புடன் இணைத்து இயக்கினால், உள்ளிருக்கும் காற்றும் நீரும் உறிஞ்சப்படுகின்றன. அப்போது வெளிக்காற்றின் அழுத்தம் பாயின்மீது முழுமையாக இறங்குகிறது. 0.08 மெகாபாஸ்கல் அளவுக்கு வெற்றிடம் உண்டானால், ஒரு சதுர மீட்டர் பரப்பில் எட்டு டன் எடையை ஏற்றிவைத்ததற்கு ஒப்பாகும். நீர் வெளியேற வெளியேறக் கலவை அழுந்தி நெருங்குகிறது.

கடல்மட்டத்திலிருந்து உயரம் கூடக்கூட வெளிக்காற்றின் அழுத்தம் குறையும் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். 1,000 மீட்டர் உயரத்தில் அது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். அட்டப்பாடியின் மேட்டு ஊர்களில் பம்பின் மானி சமவெளியில் காட்டும் அளவைக் காட்டாவிட்டால், பம்பு பழுது என்று உடனே முடிவு கட்டிவிடலாகாது.

கனத்தில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒன்று முதல் ஒன்றரை நிமிடம் உறிஞ்சுவது வழக்கம். பொதுவாக 15 முதல் 25 நிமிடங்களில் பயன் கிட்டிவிடும். அரைமணிக்கு மேல் ஓட்டினால் மின்சாரம்தான் செலவாகும். பாயை எடுத்தவுடன் தளத்தின்மீது நடந்து செல்லலாம். காலடி லேசாகவே பதியும். உடனே சுழல் தட்டுப் பொறியால் தேய்த்து, பின்னர் சுழல் அலகுப் பொறியால் மெருகேற்றுகின்றனர். இப்படிச் செய்த மேற்பரப்பு தேய்மானத்தை நன்கு தாங்கும். விரைந்து பாயும் நீர் உராயும் இடங்களுக்கும் இது உகந்தது என்று பொறியியல் நூல்கள் கூறுவதற்குக் காரணம் இதுவே. தூண்களிலும் இம்முறையைக் கையாண்டு, கான்கிரீட் இட்ட அரைமணி நேரத்தில் அச்சுப் பலகையைக் கழற்றியதுண்டு.

ஒரு சிறு கணக்கு

பொருளாதாரம் பயின்றவனாதலால் எனக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் மனம் ஒப்பும். 10 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் கனமுள்ள ஒரு தளப்பகுதியை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு 4 கன மீட்டர். கன மீட்டருக்கு 320 கிலோகிராம் சிமெண்டும் 186 லிட்டர் நீரும் சேர்த்தால் விகிதம் 0.58. வெற்றிட முறையில் நீரில் 15 விழுக்காடு, அதாவது 28 லிட்டர் வெளியேறினால் விகிதம் 0.49 ஆகிறது. நான்கு கன மீட்டருக்கும் சேர்த்து 112 லிட்டர். ஏழெட்டுக் குடம் தண்ணீர். தக்க கலவையும் நல்ல கவனமும் இருப்பின் 20 விழுக்காடு வரையிலும் வெளியேற்ற இயலும்.

இதே 0.49 விகிதத்தை வெற்றிடமின்றி, நீரின் அளவையும் குறைக்காமல் அடைய வேண்டுமாயின் சிமெண்டைக் கூட்ட வேண்டும். கன மீட்டருக்கு 320 கிலோவுக்குப் பதில் 380 கிலோ தேவைப்படும். அந்த ஒரு தளப்பகுதிக்கு மட்டும் கூடுதல் செலவு ஐந்து மூட்டைக்குச் சற்றே குறைவு. சமவெளியில் ஐந்து மூட்டை பெரிதன்று. மலைமேல் லாரி நிற்கும் இடத்திலிருந்து ஊர்வரை தலைச்சுமையாகவோ ஜீப்பிலோ கொண்டுசெல்லும் இடங்களில் ஒவ்வொரு மூட்டையும் இருமுறை விலை கேட்கிறது. அதோடு, சிமெண்டு மிகுந்தால் சுருக்கமும் மிகும் என்பதால் அந்த வழி முழுத் தீர்வும் ஆகாது.

இன்னொரு நன்மை நூல்களில் அதிகம் பேசப்படுவதில்லை. கணக்குத் தணிக்கை செய்பவரின் கண்ணுக்கு அதுவே முதலில் படுகிறது. உறிஞ்சிய நீர் பம்பின் தொட்டியில் வந்து சேர்கிறது. அதனை அளக்கலாம். சாதாரணக் கான்கிரீட்டில் எவ்வளவு நீர் மிகையாக ஊற்றப்பட்டது என்பது மறுநாள் எவருக்கும் தெரியாது. இங்கே அது வாளியில் வந்து நிற்கிறது. எதிர்பார்த்த 112 லிட்டருக்குப் பதில் 40 லிட்டரே வந்தால், பாயின் விளிம்பில் காற்றுக் கசிகிறது அல்லது வடிகட்டி அடைபட்டிருக்கிறது என்று இளநிலைப் பொறியாளரும் கண்டுகொள்வார்.

எனினும், வாளியில் சேர்ந்த அந்த நீரை ஓடையில் ஊற்றிவிடக்கூடாது. அது கடுமையான காரத்தன்மை உடையது. பவானியும் சிறுவாணியும் ஓடும் பகுதியில் இதனை வலியுறுத்த வேண்டியதில்லை. சிறுவாணி நீர் கோயம்புத்தூரின் குடிநீருமாகும். குழியொன்றில் விட்டுத் தெளியவைப்பதே முறை.

இடர்ப்பாடுகள்

இவ்வளவு நல்ல முறையாயின் எங்கும் பரவியிருக்க வேண்டுமே என்று வாசகர் கேட்கலாம். அது பரவாமைக்குத் தக்க காரணங்கள் உண்டு.

முதலாவது, உறிஞ்சலின் விளைவு மேலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழம் வரைதான் நன்கு எட்டும். கனத்த அடித்தளங்களுக்கு இது பயன்படாது. ஊரகக் கான்கிரீட் சாலைகளின் கனம் பெரும்பாலும் 15 சென்டிமீட்டரில் தொடங்குவதால், அவை இம்முறையின் எல்லைக்கோட்டில் நிற்கின்றன. தளங்களுக்குப் பொருந்தும் அளவுக்குச் சாலைகளுக்கு இது அப்படியே பொருந்தும் என்று கூறுவதற்கில்லை.

இரண்டாவது, மணல். கேரளத்தில் ஆற்று மணல் எடுப்பதற்குக் கட்டுப்பாடுகள் வந்தபின் பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்டே பெரிதும் புழங்குகிறது. அதில் நுண்தூள் மிகுதி. உடைத்த மணலில் 150 மைக்ரான் சல்லடையைக் கடக்கும் தூள் 20 விழுக்காடு வரை இருக்கலாம் என்று ஐ.எஸ். 383 இடமளிக்கிறது. வெற்றிட முறைக்கு இது தொல்லை. உறிஞ்சத் தொடங்கியவுடன் தூள் மேலேறி அடைத்துக்கொண்டால், மேற்பரப்பு இறுகிவிடும்; அடியிலுள்ள நீர் அங்கேயே சிறைப்படும். கழுவிய மணல் கிடைக்காத இடத்தில் பம்பை வாடகைக்கு எடுத்துச் செல்வது வீண்.

மூன்றாவது, தொழிலின் ஒழுங்கு. கலவை இடைவிடாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். மின்சாரம் நிற்கக்கூடாது, அல்லது மின்னாக்கி உடனிருக்க வேண்டும். சட்டங்களைக் கலவை சற்றே விஞ்சி நிற்குமாறு நிரப்ப வேண்டும். ஏனெனில் நீர் வெளியேறியபின் கனம் ஏறத்தாழ 3 விழுக்காடு குறையும். 15 சென்டிமீட்டர் தளத்தில் இது நான்கைந்து மில்லிமீட்டர். இதை ஒப்பந்தத்திலேயே தெளிவாக எழுதாவிட்டால், அளவெடுக்கும் நாளன்று தகராறு நிச்சயம். சோதனைக் கட்டிகளைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை வேண்டும். உறிஞ்சுவதற்கு முன் எடுத்த கலவையில் வார்த்த கனசதுரக் கட்டி, தளத்தின் வலிமையைக் காட்டாது. தளத்திலிருந்தே துளையிட்டு எடுத்த உருளையைச் சோதிப்பதுதான் நேர்மையான வழி.

நான்காவது காரணமே வலிமையானது. 1960-களில் ஜப்பானிலும் மேற்கு ஜெர்மனியிலும் உயர் நீர்க்குறைப்பான்கள் எனப்படும் வேதிக்கூட்டுப் பொருள்கள் உருவாயின. கலவையில் சிறிதளவு சேர்த்தாலே, குறைந்த நீரிலும் அது இளகி ஓடும். நீரைச் சேர்த்துப் பின் உறிஞ்சுவதைவிட, முதலிலேயே சேர்க்காமல் இருப்பது எளிதல்லவா? பெருநகரங்களில் ஆயத்தக் கலவை ஆலைகள் இவ்வழியையே பின்பற்றுகின்றன. ஆனால் வேதிப்பொருளை மில்லிலிட்டர் கணக்கில் அளந்து சேர்ப்பதும், மணலின் ஈரத்தைக் கணக்கிட்டு நீரைத் திருத்துவதும் ஆலையில் நடக்கும் அளவுக்கு மலையூரில் நடக்குமா என்பது ஐயமே. தட்டுக்கலவைப் பொறியும் குடமும் கருவிகளாயுள்ள இடத்தில், மேஸ்திரி குடம் ஊற்றுவார் என்பதை ஏற்றுக்கொண்டே அமைந்த முறை வெற்றிட முறை. மனித இயல்பைத் திருத்தப் பார்க்காமல், அதற்கு வழிவிட்டுப் பின்னர் ஈடுசெய்வது இதன் தனிச்சிறப்பு எனலாம்.

அகளிக்கு எது பொருந்தும்?

2013-இல் அட்டப்பாடியின் குழந்தை இறப்புகள் நாடெங்கும் பேசப்பட்டபோது, ஊட்டச்சத்தைப் பற்றிப் பலரும் எழுதினர். மழைக்காலத்தில் ஓர் ஊரிலிருந்து கோட்டத்தறை பழங்குடியினர் மருத்துவமனைக்குக் கர்ப்பிணி ஒருவரைக் கொண்டுவர ஆகும் நேரமும் அதனோடு சேர்ந்த செய்திதான். அந்த ஊர்ச் சாலையின் கடைசி ஒரு கிலோமீட்டர் உடைந்திருந்தால் ஆம்புலன்ஸ் அங்கேயே நின்றுவிடும். மீதித் தொலைவு தோள்மீதுதான். 2000 டிசம்பரில் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டமும், குறும்பர் போன்ற மிக நலிந்த பழங்குடியினருக்காக 2023 நவம்பரில் தொடங்கிய பிரதமர் ஜன்மன் திட்டமும் சாலைக்குப் பணம் ஒதுக்கியுள்ளன. போட்ட சாலை எத்தனை மழைக்காலம் தாங்கும் என்பதே எஞ்சிய கேள்வி.

செங்குத்தான ஏற்றங்களிலும், நீர் குறுக்கே பாயும் இடங்களிலும் தார்ச்சாலை நிலைப்பதில்லை. அங்கே கான்கிரீட் வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அந்தக் கான்கிரீட் முழுவதையும் வெற்றிட முறையில் செய்ய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். சரிவில் பாயை நிறுத்துவதும், சில நூறு மீட்டர் வேலைக்காகப் பொறிகளை மலையேற்றுவதும் கட்டுப்படியாகா. ஆனால் ஆற்றைக் கடக்கும் தாழ்பாலங்களின் மேல்தளம், மருத்துவமனை, பள்ளி, கூட்டுறவுக் கிடங்கு ஆகியவற்றின் தளம், பேருந்து நின்று திரும்பும் இடங்கள் ஆகியவை வேறு. இவை சமதரையானவை, கனம் குறைந்தவை, தேய்மானம் மிகுந்தவை. பழைய தளத்தின்மேல் புதிய படலம் இடுவதற்கும் இம்முறை ஏற்றது. வெற்றிடக் கான்கிரீட் பழைய கான்கிரீட்டுடன் நன்கு பிணைகிறது. தூள் பறக்கும் சமுதாயக் கூடங்களை இடித்துக் கட்ட வேண்டியதில்லை.

பொறிகளை யார் வைத்திருப்பது? சிறு ஒப்பந்தக்காரர் ஒவ்வொருவரும் வாங்குவது இயலாத காரியம். ஊரக வேலை உறுதித் திட்டம் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடந்த காலத்தில், கூலிக்கு 60 பங்கும் பொருளுக்கு 40 பங்கும் என்ற வரம்பு இருந்தது. பொறிகளுக்கு அதில் இடம் குறைவு. வட கேரளத்தில் 1925-இல் தொடங்கிய ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர்களே உரிமையாளர்களாக இருந்துகொண்டு பெரும் பொறிகளைக் கையாண்டு சாலைகளும் பாலங்களும் கட்டி வருகிறது. அத்தகைய அமைப்பு, அல்லது வட்டார ஊராட்சியே, ஒரு பம்பும் இரண்டு பாய்களும் மெருகுப் பொறியும் வைத்திருந்து மூன்று ஊராட்சிகளுக்கும் முறைவைத்துக் கொடுக்கலாம். பாயை விரித்து எடுக்கவும், தொட்டியை அளக்கவும் ஊர் இளைஞர் நால்வரைப் பழக்குவது ஒருவார வேலை. இது ஆட்களை அகற்றும் பொறியன்று. நல்ல கூலி கேட்கத்தக்க ஒரு கைத்திறனைத் தரும் பொறி.

வெற்றிட முறை வந்துவிட்டால் நீராற்றுதல் வேண்டாம் என்று சிலர் எண்ணுகின்றனர். அது தவறு. மிகுதியான நீர்தான் வெளியேறுகிறது. சிமெண்டு வினைபுரியத் தேவையான நீர் உள்ளேயே இருந்தாக வேண்டும். சாதாரண சிமெண்டுக்கு ஏழு நாளும், சாம்பல் கலந்த சிமெண்டுக்கும் வறண்ட வெயிற்காலத்துக்கும் பத்து நாளும் ஈரம் காயாமல் காக்க வேண்டும் என்ற விதியில் மாற்றமில்லை. அகளிக்குக் கிழக்கே இது இன்னும் கண்டிப்பாகக் கவனிக்கத்தக்கது. அங்குள்ள மேடுகளில் காற்றாலைகளை நிறுத்தியிருப்பதே காற்றின் வேகத்துக்குச் சான்று. மெருகேற்றி முடித்த அரைமணிக்குள் ஈரச் சாக்கோ நெகிழித் தாளோ மூடாவிட்டால் மேற்பரப்பு மயிரிழை வெடிப்பாகப் பிளந்துவிடும்.

பணிக்காலமும் இடத்துக்கு இடம் மாறும். முக்காலிப் பக்கம் ஜனவரி முதல் மே நடுப்பகுதி வரை தடையின்றி வேலை செய்யலாம். ஜூன் தொடங்கிவிட்டால் கருவிகளை இறக்கிவிட வேண்டியதுதான். ஆனைகட்டிப் பக்கம் தென்மேற்குப் பருவமழையின் சாரல் மட்டுமே விழும். அங்கே அக்டோபர், நவம்பர் மாதங்களின் மழையைத்தான் தவிர்க்க வேண்டும். ஒரே பம்பு ஜனவரி முதல் மே வரை மேற்கிலும், ஜூலை முதல் செப்டம்பர் வரை கிழக்கிலும் வேலை செய்தால், ஆண்டில் ஏழெட்டு மாதம் அது சும்மா கிடக்காது.